நிறுத்த வேண்டியது மாத்திரையையா, காரணத்தையா?

(சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற வாழ்க்கைமுறை நோய்கள் பற்றி ஆயுர்வேத மருத்துவர் ஒருவர் பொதுமக்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை இயன்றவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "டாக்டர், உங்க மருந்து ஆரம்பிச்சா இந்த இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திடலாம் இல்லையா?" கேட்டுக்கொண்டே பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். சிலர் கேட்பதுகூட இல்லை. "நாலு நாளைக்கு முன்னாடியே நிறுத்திட்டேன் சார், உங்ககிட்ட வரப்போறோமேன்னு" என்பார்கள். அதைக் கேட்கும்போதுதான் எனக்குப் பகீர் என்கிறது.

நான் சொல்கிற பதிலும் ஒன்றுதான். "மாத்திரை இருக்கட்டும். அதுக்கு முன்னாடி நிறுத்த வேண்டியது சிலது இருக்கு. அதைப் பேசலாம்." இன்றைக்கு உங்களிடம் பேசப்போவதும் அதைத்தான்.

எத்தனை பேருக்கு இந்தப் பிரச்சினை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் துணைநிற்க நாடு முழுவதும் நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2023ல் வெளிவந்தன. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். இன்னும் நோயாக மாறாமல் அதன் வாசலில் நிற்கிறவர்கள் சுமார் 13.6 கோடிப் பேர். பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ரத்த அழுத்தம். இந்த அரங்கத்தில் உங்கள் வரிசையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கணக்கு புரிந்துவிடும்.

'வாழ்க்கைமுறை நோய்' என்ற பெயரைக் கேட்டதும் சிலருக்கு மனசு நோகும். "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்பார்கள். தப்பு என்று யாரும் சொல்லவில்லை. பரம்பரை இருக்கிறது. வயது இருக்கிறது. இரவு வேலை, நின்றபடியே செய்கிற வேலை, உட்கார்ந்தபடியே செய்கிற வேலை எல்லாம் இருக்கின்றன. தாத்தா பாட்டியை மாற்ற முடியாது. வேலையை எல்லோராலும் மாற்ற முடியாது. ஆனால் ஒரு நாளின் 24 மணி நேரத்துக்குள் நம் கையில் இருக்கிற விஷயங்களும் சில உண்டு. ஆயுர்வேத சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பழைய நூல்கள் என்ன சொல்கின்றன?

ஆயுர்வேதத்தில் சர்க்கரை நோயைப் 'பிரமேகம்' என்ற நோய்க்கூட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். அதில் ஒரு வகை மதுமேகம். சித்த மருத்துவத்திலும் இதே பெயர் உண்டு. சரக சம்ஹிதையில் இந்த நோய்க்குச் சொல்லியிருக்கிற காரணங்களைப் படித்தால் நம்ம வீட்டை எட்டிப் பார்த்து எழுதியது போல இருக்கும். சுகமாக உட்கார்ந்தே இருப்பது, அளவுக்கு மீறித் தூங்குவது, தயிர், பால், புது தானியம், வெல்லத்தில் செய்த பண்டங்கள் என்று அந்தப் பட்டியல் போகிறது.

இன்னொரு முக்கியமான விஷயம். நோயாளிகள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை என்றும் அந்த நூல்கள் சொல்கின்றன. உடல் பருத்த, பலமுள்ள நோயாளிக்கு ஒரு வழி. மெலிந்த, பலமில்லாத நோயாளிக்கு வேறு வழி. முதலாமவருக்குக் குறைக்கிற சிகிச்சை, இரண்டாமவருக்கு உடம்பைத் தேற்றுகிற சிகிச்சை. பிறவியிலேயே வருவது, தவறான பழக்கத்தால் வருவது என்றும் சுஸ்ருதர் பிரித்திருக்கிறார். அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட கஷாயம் உங்களுக்கும் கேட்கும் என்று நான் ஒருநாளும் சொல்வதில்லை.

வசதியில்லாத பிரமேக நோயாளிக்கு சுஸ்ருதர் என்ன சிகிச்சை சொன்னார் தெரியுமா? நெடுந்தூரம் நடக்க வேண்டும், கிணறு வெட்ட வேண்டும். மருந்துக் கடை இல்லாத காலத்தில் உடல் உழைப்பையே மருந்துச் சீட்டில் எழுதியிருக்கிறார்.

ஆயுர்வேதத்தில் சிகிச்சையின் முதல் படிக்கு 'நிதான பரிவர்ஜனம்' என்று பெயர். எளிய தமிழில் சொன்னால், நோய் வரக் காரணமானதை விலக்குவது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்து பயன் என்ன? ஓட்டையை அடைக்க வேண்டாமா? அதுதான் இது. கஷாயம், சூரணம், பஞ்சகர்மம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் நாள் நான் கேட்கும் கேள்விகள்

அதனால் முதல் முறை வருகிறவரிடம் நான் நிறையக் கேள்வி கேட்பேன். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள்? வயிறு சரியாகப் போகிறதா? பசித்துச் சாப்பிடுகிறீர்களா, மணி ஆயிற்று என்று சாப்பிடுகிறீர்களா? கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் எவ்வளவு நேரம்? மத்தியானம் தூங்குவீர்களா? ராத்திரி போனைக் கீழே வைக்கிறது எத்தனை மணிக்கு? டீ எத்தனை, அதில் சர்க்கரை எத்தனை ஸ்பூன்? யாரோடு சாப்பிடுகிறீர்கள்? மனசில் என்ன கவலை?

"சுகருக்கு வந்தா இதையெல்லாம் எதுக்குக் கேக்குறீங்க?" என்பார்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒரு மாதிரிக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். லாரி ஓட்டுகிறவர், செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர், கடையில் நிற்கிறவர் என்று பலரிடமும் இதே கணக்கைப் பார்த்திருக்கிறேன். "நான் இனிப்பே தொடறதில்லை சார்" என்பார். நாளைக்கு ஆறு டீ. டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஆக 12 ஸ்பூன். ஒரு ஸ்பூன் 5 கிராம் என்று வைத்தால் 60 கிராம். மாதத்துக்கு 1,800 கிராம். ஏறக்குறைய இரண்டு கிலோ சர்க்கரை டீ வழியாக மட்டுமே உள்ளே போகிறது. சர்க்கரையை நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இவருக்கு நான் எந்தக் கஷாயம் கொடுத்தால் அந்த இரண்டு கிலோவைச் சமாளிக்கும்? முதலில் டீயை இரண்டாகக் குறைப்போம். அந்த இரண்டிலும் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்போம். அதுதான் அவருக்கு நான் எழுதும் முதல் மருந்து.

இப்படி மாற்றினால் பலன் இருக்கிறதா?

இருக்கிறது. ஆயுர்வேதக்காரர் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறவர்களுக்காக நவீன மருத்துவ ஆய்வு ஒன்றையே சொல்கிறேன். அதுவும் நம்ம சென்னையில் நடந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006ல் வெளிவந்தன. சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுக்குள் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றிய குழுவில் அது 39.3 சதவீதம். மெட்பார்மின் மாத்திரை மட்டும் எடுத்த குழுவில் 40.5 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 39.5 சதவீதம்.

என்ன தெரிகிறது? இன்னும் நோய் வராத, ஆனால் வரப்போகிற நிலையில் இருக்கிறவருக்கு நடையும் சாப்பாட்டு மாற்றமும் ஒரு மாத்திரைக்குச் சமமாக வேலை செய்திருக்கின்றன. அதே நேரம் இன்னொன்றையும் பாருங்கள். ஒழுங்காக இருந்தவர்களிலும் 39 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. ஆகவே வாழ்க்கைமுறை மாற்றம் மந்திரம் இல்லை. "எல்லாம் சரியா இருந்தும் எனக்கு மாத்திரை தேவைப்படுதே" என்று யாரும் குற்ற உணர்ச்சியில் தவிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் இந்த ஆய்வைக் காட்டி மாத்திரையை நிறுத்தவும் கூடாது. அது அவர்களுக்கான ஆய்வு இல்லை.

நம்ம தட்டில் என்ன இருக்கிறது?

சாப்பாட்டுக்கு வருவோம். மத்தியானம் சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம் என்று மூன்று முறை சோறு. தொட்டுக்கொள்ள ஓரமாக ஒரு கரண்டி பொரியல். இந்த அளவைத் தலைகீழாக மாற்றச் சொல்கிறேன். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, சுண்டல், மீன், முட்டை மாதிரி புரதம், மீதி கால் பங்கு சோறு. முதலில் காயைச் சாப்பிடுங்கள், சோறு அப்புறம். இதற்குக் காசு அதிகம் செலவாகாது. கீரை, சுரைக்காய், புடலங்காய், அவரைக்காய் போதும். வெளிநாட்டுக் காய்கறி வேண்டாம்.

சிறுதானியம் நல்லது. ஆனால் "கேழ்வரகுக் கூழ் எவ்வளவு குடிச்சாலும் சுகர் ஏறாது" என்பது தவறு. கேழ்வரகிலும் மாவுச்சத்துதான் அதிகம். கூழாகக் கரைத்துக் குடித்தால் சீக்கிரம் செரித்துச் சர்க்கரையும் சீக்கிரம் ஏறும். அளவு முக்கியம்.

இப்போது நான்கு பொருளைப் பற்றி மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 'இயற்கை' என்ற பெயரில்தான் இவை நம்மை ஏமாற்றுகின்றன.

ஒன்று, நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் இவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று நினைக்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரையை இவையும் ஏற்றும்.

இரண்டு, இந்துப்பு. "நான் இந்துப்புதான் சேர்க்கிறேன், அதனால பி.பி. ஏறாது" என்பார்கள். இந்துப்பிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், அதாவது அதே உப்புதான். போதாததற்கு அதில் அயோடினும் பெரும்பாலும் சேர்த்திருக்காது. ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் போதும். வீட்டில் நாலு பேர் இருந்து மாதம் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் தீர்கிறது என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைத் தின்பண்டம் இதில் சேரவில்லை. நாலு பேர் வீட்டுக்கு மாதம் 600 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மளிகைச் சீட்டிலேயே பி.பி. சிகிச்சை தொடங்கிவிடும்.

மூன்று, லேகியமும் அரிஷ்டமும். இது எங்கள் மருந்து என்பதால் நானே சொல்லியாக வேண்டும். லேகியத்தில் வெல்லமோ சர்க்கரையோ உண்டு. அரிஷ்டம், ஆசவம் இரண்டும் வெல்லம் சேர்த்து நொதிக்க வைத்துச் செய்பவை. அவற்றில் இனிப்பும் இருக்கும், இயற்கையாக உருவான ஆல்கஹாலும் இருக்கும். சர்க்கரை உள்ளவர்களும் கல்லீரல் பிரச்சினை உள்ளவர்களும் கேட்காமல் வாங்கிக் குடிக்கக் கூடாது.

நான்கு, அதிமதுரம். இருமலுக்கு நல்ல மருந்து. ஆனால் தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். பி.பி. உள்ளவர்கள் அதிமதுரம் கலந்த டீ, பொடி எல்லாவற்றிலும் கவனமாக இருங்கள்.

நடையும் தூக்கமும்

வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில் தினசரி ஒழுக்கத்துக்குத் தனி அத்தியாயமே உண்டு. உடற்பயிற்சியைத் தன் பலத்தில் பாதி அளவுக்குச் செய்யலாம் என்று அதில் ஒரு கருத்து வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த கருத்து அது. முதல் நாளே பத்தாயிரம் அடி நடந்து, முட்டி வலித்து, மூன்றாம் நாள் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை என்பது இலக்கு. அங்கே போய்ச் சேர இரண்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை. இன்று ஒன்று மட்டும் தொடங்குங்கள். சாப்பிட்டவுடன் சோபாவில் சாயாமல் பத்து நிமிடம் மெதுவாக நடங்கள். வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் சரி, மொட்டை மாடியில் நடந்தாலும் சரி. நெஞ்சில் இறுக்கம், மூச்சுத் திணறல், பாதத்தில் ஆறாத புண் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்து தூக்கம். கோடைக்காலம் தவிர மற்ற நாளில் பகல் தூக்கம் வேண்டாம் என்கிறது ஆயுர்வேதம். முதியவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் விலக்கு உண்டு. இரவு கண்விழித்தவர் பகலில் தூங்கவும் இடம் கொடுத்திருக்கிறது. ராத்திரி பத்தரைக்குப் பரோட்டா, பதினொன்றுக்கு ரீல்ஸ், ஒரு மணிக்குத் தூக்கம், மத்தியானம் இரண்டு மணி நேரக் குட்டித் தூக்கம் என்று ஓடுகிற உடம்பில் சர்க்கரையும் எடையும் எப்படிக் குறையும்? இரவுச் சாப்பாட்டைத் தினமும் 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். எட்டு மணிக்குள் வந்து நின்றால் போதும்.

அப்படியென்றால் மருந்து?

மருந்து உண்டு. காரணத்தை விலக்கத் தொடங்கிய பிறகு, உடல்வாகு, செரிமான சக்தி, வயது, வேறு நோய்கள் எல்லாவற்றையும் பார்த்து மருந்து முடிவாகும். நெல்லிக்காய், மஞ்சள், கடுக்காய், தான்றிக்காய், தேற்றாங்கொட்டை என்று நமக்குத் தெரிந்த பொருள்கள்தான் பலவற்றிலும் இருக்கும். சிலருக்குப் பஞ்சகர்மமும் தேவைப்படும். பஞ்சகர்மம் என்றால் சுற்றுலா விடுதியில் எண்ணெய் தேய்ப்பது என்று நினைத்துவிட வேண்டாம். வாந்தி, பேதி, வஸ்தி என்று உடம்பைச் சுத்தம் செய்கிற கடுமையான முறைகள் அதில் இருக்கின்றன. மெலிந்தவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் அவை பொருந்தாது.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். மாத்திரையை நிறுத்தலாமா? நீங்களாக நிறுத்தக் கூடாது. நான் சொன்னேன் என்றும் நிறுத்தக் கூடாது. அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த மருத்துவர், உங்கள் அளவுகளைப் பார்த்து, படிப்படியாகக் குறைக்க வேண்டும். உணவும் நடையும் சீரானால் அளவுகள் இறங்கும். இறங்கினால் மருந்தின் அளவைக் குறைக்க அவரே முன்வருவார். நான் விரும்புவதும் அந்த வழியைத்தான்.

இன்சுலின் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை. அவர்களுக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாள்களிலேயே, சிலருக்கு ஒரே நாளில், உயிருக்கு ஆபத்து வரும். எந்தக் கஷாயமும் இன்சுலினுக்கு மாற்று இல்லை. "நாங்க நிறுத்த வைக்கிறோம்" என்று யாராவது சொன்னால், அவர் எந்த மருத்துவ முறையைச் சேர்ந்தவராக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஆங்கில மருந்தும் எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் மூலிகைப் பொடியும் சாப்பிட்டு, சாப்பாட்டையும் திடீரென்று குறைத்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் வரும். உடனே மூன்று, நான்கு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிட வேண்டும். ஆகவே இரண்டு மருத்துவரிடமும் உண்மையைச் சொல்லுங்கள். "சொன்னா அவர் திட்டுவார்" என்று மறைக்காதீர்கள். ஒருமுறை திட்டு வாங்குவது ஐ.சி.யூ.வில் படுப்பதைவிடப் பரவாயில்லை.

நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் செயலிழப்பு, வாய் கோணல், பேச்சுக் குழறல் வந்தால் என்னிடம் வராதீர்கள். நேராக 108. பக்கவாதத்துக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

போனில் வரும் 'அதிசய மருந்து'

"48 நாளில் சர்க்கரைக்குக் குட்பை", "வாழ்நாள் முழுக்க மாத்திரை வேண்டாம்" என்று விளம்பரங்கள் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். நம் நாட்டில் 1954லேயே மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டம் வந்துவிட்டது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், உடல் பருமன் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதே அதன்படி குற்றம். ஆகவே அப்படி ஒரு விளம்பரம் வந்தாலே அந்த மருந்தை நம்ப வேண்டாம் என்பதற்கு அதுவே போதுமான காரணம். ஆயுஷ் மருந்துகள் பற்றிய பொய் விளம்பரங்களைப் புகார் செய்ய 'ஆயுஷ் சுரக்ஷா' என்ற இணையதளத்தை ஒன்றிய அரசு 2025ல் தொடங்கியிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். 'ஆயுர்வேத மருந்து' என்ற வாசகம், தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, சேர்த்த பொருள்களின் பட்டியல் இருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் பிளாஸ்டிக் கவரில் கட்டித் தரும் பொடியை வாங்காதீர்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டும் சர்க்கரை மாத்திரையும் கலந்திருந்தது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. 2004ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. எங்கள் துறைக்குத் தலைகுனிவான செய்திதான். அதை மூடி மறைப்பதால் நோயாளிக்கு நன்மை இல்லை.

மருத்துவரையும் பாருங்கள். பி.ஏ.எம்.எஸ். என்பது ஓராண்டுப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. படித்தவருக்குப் பதிவு எண் இருக்கும். கேட்டால் கோபப்பட மாட்டார்.

அதே போனை இப்படிப் பயன்படுத்துங்கள்

கையில் ஸ்மார்ட்போன் இருப்பவர்களுக்குச் சில வேலைகள்.

உங்கள் பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஒரே ஆல்பத்தில் தேதியோடு வையுங்கள். 'ஆபா' எனப்படும் 14 இலக்க சுகாதாரக் கணக்கு எண்ணை ஆதாரை வைத்து இலவசமாக உருவாக்கிக்கொள்ளலாம். இத்திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளின் பதிவுகளை அதில் சேர்த்துப் பார்க்கலாம். வசதி உள்ள மருத்துவமனைகளில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ஓ.பி. பதிவும் செய்யலாம். எந்த மருத்துவரிடம் போனாலும் உங்கள் கதை உங்கள் கையில் இருக்கும்.

உடல்நலச் சந்தேகங்களுக்கு 104ஐ அழைக்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகள் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதிப் பெண் சுகாதாரத் தன்னார்வலரின் எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள். நீங்கள் ஆயுர்வேதமோ சித்தாவோ சேர்த்து எடுக்கிறீர்கள் என்றால் அவரிடமும் சொல்லுங்கள்.

இந்திய மருத்துவ முறையில் சிகிச்சை வேண்டுவோருக்கு அரசு அமைப்புகளே இருக்கின்றன. நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி, சென்னை அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் ஆகியவை அவற்றில் சில. உங்கள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் எந்தப் பிரிவு இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி நேரத்திலிருந்து

"எத்தனை நாளில் பலன் தெரியும் டாக்டர்?"

எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும். ஆகவே மூன்று மாதம் கழித்துத்தான் நானும் பேசுவேன். அதற்குள் தினமும் ஒருமுறை குத்திப் பார்த்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் அவர்கள் மருத்துவர் சொன்ன முறைப்படி பார்க்க வேண்டும்.

"எனக்கு 32 வயசு, ஒண்ணும் இல்லை. நானும் டெஸ்ட் எடுக்கணுமா?"

அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தாலோ, இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ கட்டாயம் எடுங்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தால் நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள் என்று பொருள். சென்னை ஆய்வில் பலன் பெற்றவர்கள் உங்களைப் போல வாசலில் நின்றவர்கள்தான். பயப்படுவதற்குப் பதில், நல்ல நேரத்தில் தெரிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"வீட்டுல எல்லாருக்கும் தனித்தனியா சமைக்க முடியலையே டாக்டர்?"

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு அம்மா. நல்ல கேள்வி. தனியாகச் சமைக்கவே வேண்டாம் அம்மா. உப்பு குறைந்த குழம்பும், காய் நிறைந்த தட்டும், எட்டு மணிச் சாப்பாடும் வீட்டில் எல்லோருக்கும் நல்லதுதான். நோயாளிக்கு மட்டும் பத்தியம் என்று ஒதுக்கி வைத்தால் அவர் பத்து நாள் இருப்பார், பதினோராம் நாள் வெளியே போய்ச் சாப்பிடுவார். வீடே சேர்ந்து மாறினால் அவருக்கு அது பத்தியமாகவே தெரியாது. பிள்ளைகளுக்கும் அந்த நோய் தள்ளிப்போகும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சமையலறைப் பொறுப்பு முழுவதையும் உங்கள் தலையில் கட்டக் கூடாது. காய் நறுக்கவும், மளிகைச் சீட்டில் உப்பைக் குறைக்கவும் ஐயாவும் வரட்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு வேலை செய்யுங்கள். மாத்திரை டப்பாவை அதன் இடத்திலேயே பத்திரமாக வையுங்கள். பிறகு உப்பு, சர்க்கரை டப்பாக்களை எடுத்து, மாதத்துக்கு எவ்வளவு தீர்கிறது என்று கணக்குப் போடுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, அவர் எந்த முறை மருத்துவராக இருந்தாலும், அந்தக் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.